முன் சீட்டில் இருந்தவள்

அன்று காளீஸ்வரி மலைக்குப் போகவில்லை. கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கமாக உப்பிப் போயிருந்தது. மகன் மனோஜ் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நீ படும்மா. சின்னம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சின்னம்மா என்றது அய்யம்மாளை. இரத்தச் சொந்தம் இல்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். போடியில் அந்தத் தெருவிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பழுத்த காய் பறிக்கிற 'பழம் எடுப்பு' வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும், காளீஸ்வரியும், மனோஜ் ஓட்டும் ஜீப்பில்தான் போவார்கள். ஜீப் அவனுடையது இல்லை, பாண்டியராஜ் என்பவருடையது. பின்னால் இரண்டு பக்கமும் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அய்யம்மாளுக்கு மட்டும் எப்போதும் முன் சீட்டு. போடிமெட்டு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். எத்தனை வருடம் போனாலும் அந்தப் பாதை அவளுக்குப் பழகவே இல்லை.

பல்லுக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காளீஸ்வரி படுத்திருந்தபோது கணவர் முனியசாமி கூப்பிட்டார். அவருக்கு ஏலக்காய் இருப்பு வைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற வேலை. போனில் அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஜீப்பு கவுந்துருச்சாம். மெட்டுக்கு அங்கிட்டு, தோட்டத்து எறக்கத்துல."

"மனோஜு?"

"இருக்கான். கை ஒடிஞ்சிருக்காம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

காளீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கூப்பி, எந்தச் சாமி என்று இல்லாமல் கும்பிட்டாள். வாய்விட்டு அழுதாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகை. அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான், "மத்தவுகளுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"அய்யம்மா போயிருச்சு. பக்கத்துத் தெரு தமிழ்செல்வியும்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில், தான் எதை முதலில் கேட்டோம், எதை அடுத்துக் கேட்டோம் என்பது அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. எந்தத் தாயும் அப்படித்தான் கேட்பாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அதில் ஒரு ஆறுதலும் வரவில்லை.

விபத்து நடந்தது கேரளத்து எல்லைக்குள். அதனால் அந்த ஊர் போலீஸ் வந்தது. கையில் மாவுக்கட்டு காய்வதற்கு முன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மனோஜைக் கைது செய்துவிட்டார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றி, இறக்கத்தில் வேகமாக ஓட்டி, இரண்டு பேர் சாவுக்குக் காரணமானான் என்று வழக்கு. குடித்திருந்தானா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிக்கவில்லை. முனியசாமி போய்ச் சேர்ந்தபோது அவனை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான், ஆனால் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

அய்யம்மாளின் உடல் மறுநாள் ஆம்புலன்ஸில் போடிக்கு வந்தது. காளீஸ்வரி போகலாமா கூடாதா என்று யோசித்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு போனாள். கூடியிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அய்யம்மாளின் மகள் முத்துப்பிரியா மட்டும் எழுந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, அம்மா ஒன்னையத்தான் தேடியிருக்கும். நேத்து நீ கூட இல்லையே" என்று அழுதாள். அந்தப் பிள்ளையின் கண்ணீர் ஜாக்கெட்டை நனைத்துத் தோளில் சுட்டது. காளீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பாண்டியராஜ் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "கேஸ் செலவைப் பத்திக் கவலப்படாதீங்க. மனோஜு எனக்குத் தம்பி மாதிரி" என்றார். வக்கீல் விஷயத்தைச் சொன்னார்.

"பெரிய செக்‌ஷன் போட்டுருக்காங்க. லேசுல பெயில் கெடைக்காது. ஆனா நடந்தது வேற. காட்டுமாடு ஒண்ணு குறுக்க வந்துருக்கு. முன் சீட்டுல இருந்த அம்மா பயந்துபோயி ஸ்டேரிங்கப் புடிச்சு இழுத்துருச்சு. அது நிரூபணமானா கேஸ் சின்னதாயிரும்."

முனியசாமி தலையை நிமிர்த்தினார். "அப்பிடியா நடந்துச்சு?"

"தம்பியே அப்பிடித்தானண்ணே எழுதிக் குடுத்துருக்கான்" என்றார் பாண்டியராஜ். "பின்னால இருந்த பொம்பளைகளுக்கு என்ன தெரியும்? படுதா மறைச்சிருந்துச்சு."

அவர்கள் போன பிறகு காளீஸ்வரி நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அய்யம்மாள் பயந்தவள்தானே. எதிரே லாரி வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வாளே. நினைக்க நினைக்க அவள் ஸ்டேரிங்கைப் பிடித்து இழுத்தது கண்ணால் பார்த்ததைப் போலவே ஆகிவிட்டது. செத்துப்போனவள் மேல் கோபம் வந்தது. பாவி, நீ போனதுமில்லாமல் என் பிள்ளையையும் உள்ளே தள்ளிவிட்டாயே என்று வாய்க்குள் சொன்னாள். கோபப்பட ஒரு ஆள் கிடைத்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைத்ததும் அவள் மட்டும்தான் போனாள். முனியசாமி வரவில்லை. "என்னத்தப் பேச?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போய்விட்டார். பஸ் போடிமெட்டு ஏறி, எல்லையைத் தாண்டி, அந்தத் தோட்டத்துக்கு இறங்கும் பாதையைக் கடந்துதான் போக வேண்டும். அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பஸ் மறுபடி மேடு ஏறி, இன்ஜின் சத்தம் மாறியதும்தான் நிமிர்ந்தாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மனோஜ் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். இருபத்தாறு வயசுப் பிள்ளை, அந்த வெளிச்சத்தில் ஒரு நோயாளிக் கிழவனைப் போலத் தெரிந்தான்.

"கை வலிக்குதாப்பு?"

"இல்ல."

"சோறு?"

"சாப்புடுறேன். செவப்புக் குண்டரிசிச் சோறு, தொண்டையில நிக்கிது."

"நீ சீக்கிரம் வந்துருவேங்குறாரு வக்கீலு." அவள் வலையில் விரல்களை மாட்டிக்கொண்டாள். "அந்தச் சிறுக்கி இப்பிடிப் பண்ணிட்டாளேப்பு. செத்தவளத் திட்டக் கூடாது. ஆனா வயிறு எரியுது. அவ ஸ்டேரிங்கத் தொடாம இருந்திருந்தா நீ இங்க நிப்பியா?"

அவள் இன்னும் ஏதோ சொல்லப் போனாள்.

"அதைத் திட்டாதம்மா" என்றான்.

"பின்ன?"

"அது ஸ்டேரிங்கத் தொடல."

பக்கத்தில் இன்னொரு குடும்பம் மலையாளத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. காளீஸ்வரி தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். அவன் முகத்தை வலைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"காட்டுமாடும் வரல, ஒண்ணும் வரல. எறக்கத்துல பிரேக்க மிதிச்சேன். புடிக்காம உள்ள போயிருச்சு. ரொம்ப நாளாவே சரியில்ல. கழட்டிப் பாக்கணும்னு மெக்கானிக் சொன்னான். பழம் எடுப்பு முடியட்டும், ஒருநாள் வண்டி நின்னாலும் வேற ஜீப்புக்காரன் ஆளுகளத் தூக்கிருவான்னாரு பாண்டியராஜண்ணேன்."

"தெரிஞ்சுமா ஓட்டுன?"

"நான் ஓட்டலைன்னா வேற ஒருத்தன் ஓட்டியிருப்பான்."

"தெரிஞ்சுமா அத்தன பேர ஏத்துன? நானும்தானே அதுல வந்துக்கிட்டிருந்தேன்?"

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, அவள் கேட்காததைச் சொன்னான்.

"சின்னம்மா என் தோளத்தான் புடிச்சுச்சு. 'சாமி, மெதுவாய்யா'ன்னுச்சு. வண்டி நிக்கலைன்னு அதுக்குத் தெரியல. நான் கதவத் தெறந்தேன். அது விடல. கையத் தட்டிவிட்டுட்டுக் குதிச்சேன்."

காளீஸ்வரி வலையிலிருந்து விரல்களை எடுத்தாள்.

"சமயம் கழிஞ்ஞு, அம்மே" என்று, நேரம் முடிந்ததைக் காவலர் வந்து சொன்னார். மனோஜ் அவசரமாக, "வெளிய சொல்லிறாதம்மா. அப்பாகிட்டக் கூட" என்றான். அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனாலும் முனியசாமியிடம் சொன்னாள். அய்யம்மாளின் கையைத் தட்டிவிட்டதைச் சொல்லவில்லை. பிரேக் விஷயத்தையும் அய்யம்மாள் ஸ்டேரிங்கைத் தொடவில்லை என்பதையும் மட்டும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"கேட்டத அங்கயே விட்டுட்டு வரணும். எதுக்கு வீட்டுக்குக் கொண்டார?"

"அவ மேல பழி விழுகுதேங்க."

"செத்தவ மேல விழுந்தா அவளுக்கு என்ன வலிக்கவா போகுது? இவன் உசுரோட இருக்கான். இவன வெளிய கொண்டார வழியப் பாரு."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டாள். மலை வேலைக்கு வேறு ஜீப்பில் ஏறப் போனபோது அதிலிருந்த பெண்கள் இடம் இல்லை என்றார்கள். இடம் இருந்தது. அவள் திரும்பி வந்து, கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். பச்சை வேறு, வெளிறியது வேறு, வெடித்தது வேறு என்று பிரித்துப் போடுகிற வேலை. குனிந்தபடியே பொழுது போய்விடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அங்கே கூட ஒருநாள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அய்யம்மா மட்டும் சும்மா இருந்திருந்தா, கைப்பிள்ளைக்காரி தமிழ்செல்வி பொழச்சிருப்பா என்று ஒருத்தி சொன்னாள். மற்றவள் உச்சுக்கொட்டினாள். வக்கீல் சொன்ன கதை ஊருக்குள் நன்றாகவே பரவிவிட்டிருந்தது.

தமிழ்செல்வியின் மாமியார் வீட்டு ஆட்கள் ஒருநாள் மத்தியானம் முத்துப்பிரியாவின் வாசலில் வந்து நின்றார்கள். தமிழ்செல்வியின் புருஷன் இடுப்பில் பால்குடி மறக்காத குழந்தை. அவன் அக்காதான் பேசினாள். "ஒங்காத்தா பண்ணுன காரியத்துக்கு இந்தப் புள்ள தாயில்லாம நிக்கிது. நீ வளக்குறியா? இந்தா, வச்சுக்க" என்று குழந்தையைப் பிடுங்கி வாசற்படியில் வைத்தாள். குழந்தை அலறியது. தெருவே பார்த்தது. காளீஸ்வரி தன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முத்துப்பிரியா குனிந்து குழந்தையைத் தூக்கி, கண்ணைத் துடைத்து, அதன் அப்பன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் காளீஸ்வரியின் வீட்டுக்கு வந்தாள். முனியசாமி வேலைக்குப் போயிருந்தார். காளீஸ்வரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முத்துப்பிரியா உட்காரவில்லை.

"பெரியம்மா, மனோஜண்ணனப் போய்ப் பாத்தியாமே."

"பாத்தேன்."

"அண்ணன் என்ன சொல்லுச்சு? எங்கம்மா நெசமாவே ஸ்டேரிங்கப் புடிச்சு இழுத்துச்சா?"

காளீஸ்வரி புளித்தண்ணியில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"இழுத்துருந்தா இழுத்துச்சுன்னு சொல்லு. நான் அந்தக் குடும்பத்துக் கால்ல போயி விழுந்துட்டு வர்றேன். அந்தப் புள்ளைக்கு என்னால ஆனதச் செய்றேன். ஆனா எங்கம்மா அப்பிடிப் பண்ணியிருக்கும்னு எனக்கு மனசு ஒப்பல. வண்டியில எதையும் தொடாது. கண்ண மூடிக்கிட்டுக் கம்பியப் புடிச்சுக்கிரும். ஒனக்குத் தெரியும்ல? நீ தெனமும் பாத்தவதான?"

ஆமாம், இழுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதடி, போலீசைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"தொடலடி. அவ ஒண்ணும் பண்ணல. பிரேக்கு இல்ல. அவனுக்கு முன்னாலயே தெரியும்."

முத்துப்பிரியா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் அழுவாள், திட்டுவாள் என்று காளீஸ்வரி எதிர்பார்த்தாள். ஆனால் அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணன் குதிச்சு எறங்கிருச்சுங்குறாங்க. அப்ப அம்மா என்ன பண்ணுச்சாம்?"

"அது தெரியலடி. அவன் சொல்லல."

அந்த ஒன்றை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. மறைத்தது மகனுக்காகவா, இந்தப் பிள்ளைக்காகவா?

"இத ஸ்டேஷன்ல சொல்லுவியா பெரியம்மா?"

காளீஸ்வரி குனிந்து புளியைப் பிழியத் தொடங்கினாள். "நீ சொல்லாட்டியும் நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு முத்துப்பிரியா போனாள்.

சொன்னபடியே அவள் சொல்லிவிட்டாள். அந்த வாரத்திலேயே காளீஸ்வரியைக் கேரளத்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போனாள். ஓரளவு தமிழ் பேசுகிற ஒரு பெண் போலீஸ் அவளுக்கு நாற்காலி போட்டு, பால் ஊற்றாத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தாள். "அம்மே, நிங்ஙள் பெற்ற தாய். மகனுக்கு எதிரா பறையணும்னு நிர்பந்தம் இல்ல. வீட்டுக்குப் போகலாம்" என்றாள். திரும்பிப் போக அவர்களே வழி விட்டார்கள். காளீஸ்வரி அந்தச் சாயாவைக் குடித்து முடித்தாள். ஜன்னல் வழியாக, அப்பளம் போல நசுங்கிய ஜீப் தெரிந்தது. கயிறு கட்டி மேலே தூக்கிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பிரேக் இருந்ததா இல்லையா என்று எந்த ஆபீசர் வந்து பார்த்தாலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

"மெக்கானிக்கக் கேளுங்க" என்றாள். "அவன் சொல்லுவான்."

மெக்கானிக் சொன்னான். பாண்டியராஜைக் கைது செய்தார்கள். அவர் ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். மனோஜுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. தெரிந்தே ஓட்டியவன் என்று கோர்ட்டில் சொன்னார்களாம். வக்கீல் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. முனியசாமி ஒரு மஞ்சள் பையில் இரண்டு வேட்டியையும் சட்டையையும் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரான தேவாரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"ஊருல எவ்வளவோ பேரு புள்ளைகளுக்காகப் பொய் சொல்லுறாங்க. நீ சும்மா இருந்திருந்தாப் போதும். அது கூட முடியலையா ஒனக்கு?"

தமிழ்செல்வியின் ஆட்கள் அதன் பிறகு முத்துப்பிரியா வீட்டுப் பக்கம் போகவில்லை. முத்துப்பிரியாவும் காளீஸ்வரியின் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். காளீஸ்வரி அவளிடம் எதையும் எதிர்பார்த்து உண்மையைச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் ஒதுங்கி நிற்கும்போது வலித்தது.

அதன் பிறகு மனோஜைப் பார்க்கப் போன முதல் இரண்டு தடவையும் அவன் வெளியே வரவில்லை. பார்க்க மனமில்லை என்று சொல்லிவிட்டான். கொண்டுபோன சட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை போனபோது வந்தான். கட்டு அவிழ்த்திருந்தார்கள். அந்தக் கை மற்றக் கையைவிட மெலிந்து, வெளுத்துப் போயிருந்தது. நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"சின்னம்மா கையப் பத்தியும் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"ஏன்? எல்லாத்தையும்தான் சொன்னியே."

"அத என்னால சொல்ல முடியல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சின்ன வயசில் அவன் அழும்போது சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். கிட்டே இழுத்து அணைத்துக்கொள்ள நடுவில் வலை இருந்தது. அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செய்தது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். அவன் அழுவதைப் பார்க்க முடியவில்லை என்பதும் நிஜம்.

"படுத்தா அந்தக் கை தோள்ல இருக்குற மாதிரியே இருக்கும்மா" என்றான். பிறகு, "நீ இனி வராத. அந்த எடத்தத் தாண்டித்தான வரணும்?" என்றான்.

"வருவேன்."

"நான் வெளிய வர மாட்டேன்."

"வராட்டிப் போ. நான் வந்துட்டுப் போறேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. அவள் போகிறாள். சில தடவை மனோஜ் வருவான், சில தடவை வர மாட்டான். வந்தால் இருவருக்கும் பேச அதிகம் இருப்பதில்லை. குளிருக்குப் போர்வை போதுமா என்று கேட்பாள். போதும் என்பான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு முனியசாமி தேவாரத்திலிருந்து திரும்பி வந்தார். சமைத்ததைச் சாப்பிட்டார். பேச்சு மட்டும் அளவோடு இருந்தது. ஒரு வாரம் அவள் ஜெயிலுக்குக் கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெயில் வாசல் வரை வந்தவர் உள்ளே வரவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில், எதிர்ப்பக்கத்துச் சுவரோரமாக நின்றார்.

அவள் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"சாப்புடுறானாமா?" என்று கேட்டார்.

"சாப்புடுறேங்குறான்."

அவர் தலையாட்டினார். இருவரும் நனைந்துகொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள்.